ஒரே தீ, நான்கு கணக்கு: இந்தியாவில் தீக்காயத்தால் எத்தனை பேர் இறக்கிறார்கள்?

இந்தியாவில் ஒரு வருடத்தில் தீயால் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். பதில் கிடைக்கும். பிரச்னை என்னவென்றால், நான்கு பதில்கள் கிடைக்கும்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரண அறிக்கை, 2022-ல் தீ விபத்துகளில் 7,435 பேர் இறந்ததாகச் சொல்கிறது. உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு 2017-ம் ஆண்டுக்கு வைத்திருக்கும் மதிப்பீடு 27,027. மத்திய சுகாதார அமைச்சகத்தின் தீக்காயத் தடுப்புத் திட்ட ஆவணம், ஆண்டுக்குச் சுமார் 1,40,000 பேர் என்கிறது. அதாவது நான்கு நிமிடத்துக்கு ஒரு மரணம். 2009-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வோ, 2001-ல் மட்டும் 1,63,000-க்கு மேல் இறந்திருப்பார்கள் என்று கணக்கிட்டது.

ஆண்டுகள் வேறு வேறு, அதனால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. அதை ஒத்துக்கொண்டாலும், முதல் எண்ணுக்கும் கடைசி எண்ணுக்கும் நடுவில் 20 மடங்குக்கு மேல் இடைவெளி. பட்ஜெட், படுக்கை, டாக்டர், ஆராய்ச்சிப் பணம் எல்லாம் எந்த எண்ணை நம்பி ஒதுக்கப்படுகின்றன? சிகிச்சை பற்றிப் பேசுவதற்கு முன் இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்துவிடலாம். ஏனென்றால், ஒரு தீக்காயம் எந்தப் பட்டியலில் ஏறுகிறது என்பதுதான் பாதிக்கப்பட்டவருக்குப் பணம் கிடைக்குமா, சான்றிதழ் கிடைக்குமா என்பதையும் தீர்மானிக்கிறது.

எண்கள் ஏன் இப்படி முரண்படுகின்றன?

முதலில் போலீஸ் கணக்கு. தீக்காயத்துடன் யார் வந்தாலும் அரசு மருத்துவமனை அதைச் சட்டம் சார்ந்த வழக்காகப் பதிந்து போலீஸுக்குத் தகவல் சொல்லும். போலீஸ் விசாரித்து ஒரு வகைக்குள் வைக்கும். விபத்து என்றால் விபத்து மரண அட்டவணை. தற்கொலை என்றால் அதே அறிக்கையில் வேறு அத்தியாயம். வரதட்சணை மரணம் என்றால் வேறு புத்தகமே, குற்றங்களுக்கான ஆண்டறிக்கை. கொலை என்றால் அதற்குள் இன்னொரு அட்டவணை. ஆக, காரணம் ஒரே தீ. அது மூன்று நான்கு அட்டவணைகளில் சிதறிக் கிடக்கிறது. 7,435 என்பது அவற்றில் ஒன்றின் எண்ணிக்கை மட்டுமே. அதைத் தலைப்பில் போட்டு 'இந்தியாவின் தீ மரணங்கள்' என்று எழுதினால் தப்பு.

அடுத்து மருத்துவச் சான்றிதழ். தீயில் சிக்கியவர் அன்றே இறப்பதை விட, வார்டில் பத்து பதினைந்து நாள் போராடி, ரத்தத்தில் தொற்று பரவி இறப்பது சகஜம். சான்றிதழில் 'செப்சிஸ்' என்று மட்டும் எழுதிவிட்டால் அது தீ மரணமாக எண்ணப்படாது. இன்னும் அடிப்படையான சிக்கல் ஒன்று உண்டு. 2020-ல் இந்தியாவில் பதிவான மரணங்களில் 22.5 சதவீதத்துக்குத்தான் மருத்துவர் காரணம் எழுதிச் சான்றளித்திருந்தார். மிச்சப் பேர் எதனால் இறந்தார்கள் என்பது அந்தப் பதிவேட்டில் இல்லை.

சுகாதார அமைச்சகத்தின் எண்ணுக்கு வேறு கதை. டெல்லியின் மூன்று பெரிய அரசு மருத்துவமனைகளின் தரவை வைத்து, நாடு முழுவதற்கும் விரித்துப் போட்ட மதிப்பீடு அது. திட்ட ஆவணமே அப்படித்தான் சொல்கிறது, மறைக்கவில்லை. ஆனால் டெல்லியின் பெரிய மருத்துவமனைக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் நோயாளிகள் வருவார்கள். எத்தனை கோடி மக்களிலிருந்து இத்தனை நோயாளிகள் என்று தெரியாதபோது விரித்துப் போடும் எண் பெரிதாக ஊத வாய்ப்பு அதிகம். அதே ஆவணம் ஆண்டுக்கு 70 லட்சம் தீக்காயங்கள் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சொல்வது 10 லட்சத்துக்கு மேல். இது முரண் போலத் தெரியும். ஆனால் பின்னது நடுத்தர, கடுமையான காயங்களை மட்டும் எண்ணுகிறது. முன்னதில் எல்லாமே அடக்கம்.

நான்கில் முறைப்படி கவனமாகச் செய்யப்பட்டது லான்செட் ஆய்வு என்பது என் கருத்து. நகரங்களுக்கு மருத்துவச் சான்றிதழ்த் தரவையும், கிராமங்களுக்கு இறந்தவர் வீட்டில் விசாரித்துக் காரணம் கண்டறியும் கணக்கெடுப்பையும் அது பயன்படுத்தியது. அதில் வந்த எண், போலீஸ் பதிவைப் போல ஆறு மடங்கு. அந்த ஆண்டு நாட்டின் மொத்த மரணங்களில் சுமார் 2 சதவீதம். இறந்தவர்களில் 1,06,000 பேர் பெண்கள், பெரும்பாலும் 15 முதல் 34 வயதுக்குள். இளம் ஆண் ஒருவர் இறந்தால் இளம் பெண்கள் மூவர் இறந்திருக்கிறார்கள். சாலை விபத்து, நீரில் மூழ்குதல் என்று எந்தக் காய மரணத்தை எடுத்தாலும் உலகெங்கும் ஆண்கள்தான் அதிகம். தீயில் மட்டும் இங்கே தலைகீழ். சமையலறை விபத்து, தீக்குளிப்பு, குடும்ப வன்முறை மூன்றும் இதற்குள் கலந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

சரி, நிலைமை மாறியிருக்கிறதா? போலீஸ் கணக்கிலேயே 2015-ல் 17,700 ஆக இருந்த தீ விபத்து மரணம் 2022-ல் 7,435 ஆகக் குறைந்திருக்கிறது. பதிவு முறை மட்டும் இப்படி மாறியிருக்க முடியாது. இறக்கத்தில் பெரும்பகுதி நிஜம் என்றே நினைக்கிறேன். ரேஷன் மண்ணெண்ணெய்க்கான மானியம் படிப்படியாக இல்லாமல் போனது. 2016-ல் உஜ்வலா வந்தது. சுத்தமான எரிபொருளில் சமைக்கும் வீடுகள், தேசிய குடும்பநல ஆய்வின் நான்காம் சுற்றில் 43.8 சதவீதம், ஐந்தாம் சுற்றில் 58.6 சதவீதம். பம்ப் அடிக்கும் ஸ்டவ்வும் சிம்னி விளக்கும் வீட்டை விட்டுப் போகப் போக, அவற்றால் வரும் சாவும் குறையும். அதில் ஆச்சரியமில்லை.

தோல் எரிந்தால் உள்ளே என்ன ஆகிறது?

தீக்காயத்தை நாம் தோலின் பிரச்னையாகப் பார்க்கிறோம். பெரிய தீக்காயம் உடல் முழுவதின் பிரச்னை.

எவ்வளவு பெரிது என்பதை டாக்டர்கள் உடல் பரப்பின் சதவீதமாகச் சொல்வார்கள். பெரியவர்களுக்கு 'ஒன்பது விதி' என்று ஓர் எளிய கணக்கு உண்டு. தலை 9, ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, உடம்பின் முன்பக்கம் 18, முதுகுப் பக்கம் 18. சின்னச் சின்னத் திட்டுகளாக இருந்தால், நோயாளியின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்தது சுமார் 1 சதவீதம். குழந்தைகளுக்குத் தலை பெரிது, கால் சிறிது. அவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே செல்லாது.

பெரியவர்களுக்கு 20 சதவீதத்தைத் தாண்டினால், காயம்படாத இடங்களில்கூட மெல்லிய ரத்தக் குழாய்கள் ஒழுகத் தொடங்குகின்றன. ரத்தத்தின் நீர்ப் பகுதி திசுக்களுக்குள் கசிந்து உடம்பு ஊதுகிறது. அதே நேரம் ரத்த ஓட்டத்துக்குத் தண்ணீர் போதவில்லை. சிறுநீரகம் முதலில் அடிவாங்கும். அதனால்தான் முதல் நாள் சிகிச்சையில் தலையாயது ட்ரிப்ஸ்.

எவ்வளவு ஏற்றுவது? உலகம் முழுவதும் தெரிந்த பார்க்லேண்ட் சூத்திரப்படி, உடல் எடை ஒரு கிலோவுக்கு, காயம் ஒரு சதவீதத்துக்கு 4 மி.லி. 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 40 சதவீதக் காயம் என்று வையுங்கள். 4 பெருக்கல் 60 பெருக்கல் 40. ஒரு நாளைக்கு 9,600 மி.லி. அரை லிட்டர் பாட்டில் என்றால் 19-ஐத் தாண்டுகிறது. இதில் பாதி, 4,800 மி.லி., முதல் எட்டு மணி நேரத்துக்குள் போக வேண்டும்.

இங்கேதான் சிக்கல். அந்த எட்டு மணி நேரக் கடிகாரம் ஆஸ்பத்திரி வாசலில் தொடங்குவதில்லை, தீப்பிடித்த நொடியில் தொடங்குகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்து, தாலுகா ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அங்கிருந்து மாவட்டத் தலைநகர், அங்கிருந்து மருத்துவக் கல்லூரி என்று ஆறு மணி நேரம் ஓடிவிட்டால், எட்டு மணி நேரத்தில் ஏற்ற வேண்டியதில் எஞ்சியதற்கு இரண்டே மணி நேரம்தான் இருக்கிறது. அதனால் வழியில் ட்ரிப்ஸ் போட்டு அனுப்பினார்களா இல்லையா என்பதே பல பேரின் விதியை எழுதிவிடுகிறது. நாடு முழுவதும் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இதற்குத் தேவை புது மருந்தல்ல. ஒரு ஊசி, சில பாட்டில்கள், கணக்குப் போடத் தெரிந்த ஒரு நர்ஸ்.

சூத்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதும் ஆபத்து. அதிகம் ஏற்றினால் நுரையீரலில் நீர் சேரும், வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும். இதனால் பெரியவர்களுக்கு 2 மி.லி.-யில் தொடங்கலாம் என்று இப்போதைய அமெரிக்கப் பயிற்சி நெறிகள் சொல்கின்றன. மணிக்கு எவ்வளவு சிறுநீர் போகிறது என்று அளந்து கூட்டுவதும் குறைப்பதும்தான் உண்மையான வழிகாட்டி.

உயிரை வாங்குவது பெரும்பாலும் கிருமி

முதல் மூன்று நாளைத் தாண்டிவிட்டால் அடுத்த எதிரி தொற்று. வெந்த தோல் செத்த திசு. ரத்த ஓட்டம் இல்லாததால் உடம்பின் எதிர்ப்பு அணுக்களும் போய்ச் சேராது, ஊசியில் போடும் ஆன்டிபயாடிக்கும் சேராது. கிருமிக்கு விருந்து வைத்தது போல. சூடோமோனாஸ், அசினெட்டோபாக்டர், க்ளெப்சியெல்லா ஆகியவை பர்ன்ஸ் வார்டுகளின் நிரந்தர வாசிகள். இவற்றில் அசினெட்டோபாக்டர், கடைசிக் கட்ட மருந்துகளில் ஒன்றான கார்பபெனெம் வகைக்கே பெரும்பாலும் மசிவதில்லை என்பதை ஐ.சி.எம்.ஆரின் கண்காணிப்பு அறிக்கைகள் வருடா வருடம் காட்டுகின்றன.

'அப்படின்னா முதல் நாளிலேயே பலமான ஆன்டிபயாடிக் போட்டுவிடலாமே?' என்று தோன்றும். சர்வதேச வழிகாட்டுதல்கள் அதைத் தவிர்க்கச் சொல்கின்றன. தொற்று வருவதற்கு முன்பே மருந்தைக் கொட்டினால், எஞ்சுவது எதிர்ப்பு சக்தி பெற்ற கிருமிதான்.

தொற்றைத் தடுக்க நிஜமாகவே வேலை செய்யும் வழி வேறு: கிருமி குடியேறும் முன் செத்த தோலை வெட்டி எடுத்துவிடுவது. இதை 1970-ல் உலகுக்கு எழுதிக் காட்டியவர் சோரா யான்செகோவிச். அன்றைய யுகோஸ்லாவியாவின் மாரிபோர் நகரில் வேலை பார்த்த பெண் அறுவை மருத்துவர். அதுவரை செத்த தோல் தானாக அழுகிக் கழன்று விழட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். அவர் சில நாட்களிலேயே மெல்லிய சீவல்களாகச் சீவி, ரத்தம் கசியும் உயிருள்ள அடுக்கு வரும்வரை போய், உடனே தோல் ஒட்டினார். மேற்கத்திய தீக்காய சிகிச்சை அதற்குப் பிறகு வேறு மாதிரி ஆனது.

அரை நூற்றாண்டு கழிந்தும் இந்தியாவின் பல அரசு வார்டுகளில் காத்திருப்பே நடைமுறையாக இருப்பதற்குக் காரணம் அறியாமை அல்ல. இந்த அறுவையில் ரத்தம் நிறைய போகும், ரத்த யூனிட்கள் வேண்டும். மயக்க மருந்து நிபுணர் வேண்டும். தீக்காயத்துக்கென்று ஒதுக்கிய ஆபரேஷன் தியேட்டர் வேண்டும். எல்லாம் இருந்தாலும் கடைசியில் ஒரு கேள்வி வரும்: வெட்டி எடுத்த இடத்தை எதை வைத்து மூடுவது?

தோல் எங்கே கிடைக்கும்?

நிரந்தரமாக ஒட்டுவது நோயாளியின் சொந்தத் தோல் மட்டுமே. தொடையிலிருந்து காகிதம் போல மெல்லியதாகச் சீவி, சல்லடைபோல் துளையிட்டு விரித்து ஒட்டுவார்கள். 15 சதவீதக் காயத்துக்கு இது போதும். 60 சதவீதம் என்றால், எரிந்தது போக மீதமுள்ள தோல் காயத்தை மூடப் பத்தாது. எடுத்த இடம் ஆறி மறுபடி எடுக்கப் பத்து நாளுக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் திறந்த காயத்தைக் காப்பாற்ற, இறந்தவர்கள் தானம் செய்த தோல் வேண்டும். அதை உடம்பு இரண்டு மூன்று வாரத்தில் நிராகரித்துவிடும். ஆனால் அந்த இரண்டு மூன்று வாரம்தான் தேவைப்படுவது. ஒரு தற்காலிகக் கூரை.

மும்பை சயான் மருத்துவமனையில் 2000-ம் ஆண்டு வாக்கிலேயே தோல் வங்கி வந்துவிட்டது. நவி மும்பை ஐரோலியில் உள்ள தேசிய தீக்காய மையம் மற்ற ஊர்களுக்கும் தோல் அனுப்புகிறது. கோவை கங்கா மருத்துவமனையிலும் வங்கி இருக்கிறது. ஆனால் நாட்டின் தலைநகருக்கு, அதுவும் பெரிய பர்ன்ஸ் வார்டு உள்ள சப்தர்ஜங் மருத்துவமனைக்கு, தோல் வங்கி 2023-ல்தான் வந்தது. வட இந்தியாவுக்கே அதுதான் முதல் என்று செய்தி போட்டார்கள். கொண்டாடுவதா, வருத்தப்படுவதா தெரியவில்லை.

கண் தானம் பற்றி நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். தோல் தானம் என்றால் 'உடம்பைத் தோலுரிப்பார்களா?' என்று பயம். அப்படி இல்லை. தொடை, கால், முதுகுப் பகுதிகளிலிருந்து மேல் அடுக்கு மட்டும் மெல்லியதாக எடுக்கப்படுகிறது. ரத்தம் கொட்டாது, முகம் மாறாது, உடை போட்டால் வெளியே தெரியாது. இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். குழு வீட்டுக்கே வரும். முக்கால் மணி நேர வேலை. ரத்த வகை பொருந்த வேண்டியதில்லை. வயது 18-க்கு மேல் இருந்தால் போதும். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, தோல் புற்றுநோய், தோல் தொற்று உள்ளவர்களிடம் எடுப்பதில்லை. 85 சதவீத கிளிசரால் கரைசலில் வைத்து, சாதாரணக் குளிரில் ஐந்து ஆண்டுகள் வரை பாதுகாக்கலாம். உறுப்பு தானத்துக்குத் தேவைப்படும் மூளைச்சாவு, வென்டிலேட்டர், பச்சை வழித்தடம் எதுவும் இதற்கு வேண்டாம்.

வாழை இலை முதல் அன்னாசி வரை

இந்தியத் தீக்காய ஆராய்ச்சியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சர்வதேச ஆய்வு இதழ்களில் இந்தியர்கள் விட்ட முத்திரை விலையுயர்ந்த எந்திரத்தில் இல்லை, காய்கறிக் கூடையில் இருக்கிறது. 1985-ல் மும்பை மருத்துவர்கள், வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைத் தீக்காயக் கட்டாகப் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டார்கள். 2003-ல் அதே மும்பையிலிருந்து வாழை இலைக் கட்டு பற்றிய ஆய்வுகள் வந்தன. கிருமி நீக்கிய வாழை இலை காயத்தில் ஒட்டாது, ஈரத்தைத் தக்க வைக்கும், பிரிக்கும்போது வலிக்காது. தீக்காயக் கட்டைப் பிரிக்கும்போது நோயாளி போடும் சத்தத்தை ஒரு முறை கேட்டவர்களுக்கு, 'வலிக்காது' என்ற சொல்லின் விலை தெரியும்.

1991-ல் சோலாப்பூரிலிருந்து தேன் வந்தது. 104 நோயாளிகளில் பாதிப் பேருக்குத் தேன், பாதிப் பேருக்கு வழக்கமான சில்வர் சல்பாடயஸின். ஏழு நாளில் தேன் போட்டவர்களில் 91 சதவீதம் பேரின் காயத்தில் கிருமி இல்லை. மற்ற குழுவில் 7 சதவீதம். 2015-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வும், மேலோட்டமான தீக்காயங்கள் வழக்கமான கட்டை விடத் தேனில் நான்கைந்து நாள் முன்னதாக ஆறுகின்றன என்றது. ஆனால் தரவுப் பத்திரிகையாளராக என் கண்ணுக்கு உறுத்தும் விஷயம், தேன் ஆய்வுகளில் பலவும் ஒரே மையத்திலிருந்து வந்தவை. 91-க்கு எதிராக 7 என்ற வித்தியாசம் வேறு இடங்களிலும் அதே அளவில் வந்தால்தான் முழுசாக நம்பலாம். கூடவே ஒன்று: ஆய்வில் தேன் வேலை செய்தது என்றால், சமையலறைத் தேன் பாட்டிலை எடுத்துக் காயத்தில் ஊற்றலாம் என்று அர்த்தமில்லை. மருத்துவத்துக்கென்று கதிர்வீச்சில் சுத்திகரித்த தேன் வேறு.

தேன் தோற்கடித்த அந்த சில்வர் சல்பாடயஸின் உங்களுக்குத் தெரிந்ததுதான். மெடிக்கல் ஷாப்பில் 'சூடு பட்டுடுச்சு' என்றால் நீட்டப்படும் வெள்ளை க்ரீம். 1960-களின் கடைசியில் வந்தபோது அது பெரிய முன்னேற்றம். இப்போது 2013 காக்ரேன் தொகுப்பாய்வின்படி, மேலோட்டமான காயங்களில் புதிய வகைக் கட்டுகளை விட இதில் ஆறுவது தாமதமாகிறது. அத்தோடு, தடவியதும் காயத்தின் மேல் ஒரு மஞ்சள் படலம் கட்டி, ஆழம் எவ்வளவு என்று டாக்டர் பார்ப்பதையே மறைக்கும். அதனால் பெரிய காயத்துக்கு இதைப் பூசிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லதல்ல. விலை குறைவு, எங்கும் கிடைக்கும், கிருமியைக் கொல்லும் என்பதால் அரசு வார்டுகளில் அது தொடர்கிறது, அதையும் புரிந்துகொள்ளலாம்.

வெளிநாடுகளில் என்ன நடக்கிறது? பிரேசிலின் ஃபோர்டலேசாவில் திலாப்பியா மீன் தோலைக் கட்டாகப் போட்டுச் சோதித்தார்கள். அன்னாசித் தண்டிலிருந்து எடுத்த நொதி, கத்தியில்லாமல் செத்த தோலை மட்டும் கரைக்கிறது. ஐரோப்பாவில் 2012-லும் அமெரிக்காவில் 2022 டிசம்பரிலும் அதற்கு அனுமதி கிடைத்தது. ரத்த இழப்புதான் நம் தடை என்றால், இது நமக்கு உதவக்கூடிய பொருள், இடிப்பது விலை. தோற்ற ஆய்வுகளையும் சொல்ல வேண்டும். குளுட்டமின் என்ற சத்து கொடுத்தால் நோயாளி சீக்கிரம் தேறுவார் என்று பல ஆண்டு நம்பிக்கை இருந்தது. 14 நாடுகளில் 1,209 பேரிடம் சோதித்து 2022-ல் முடிவு வந்தது: பலன் இல்லை. இதுவும் உருப்படியான செய்திதான். பலனில்லாத ஒன்றுக்கு இனிப் பணம் கட்ட வேண்டாமே.

எல்லா ஆராய்ச்சியையும் தாண்டி, குழாய்த் தண்ணீர்

இத்தனை தொழில்நுட்பத்துக்கு நடுவில், ஆதாரம் பலமாக இருக்கும் சிகிச்சை இலவசமானது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2,495 குழந்தைகளைப் பார்த்த 2020-ம் ஆண்டு ஆய்வு இது. காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள், ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டியிருந்தால், தோல் ஒட்டும் அறுவை தேவைப்படும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறைந்தது.

இதில் இரண்டு விஷயம் கவனியுங்கள். ஒன்று, 20 நிமிடம். நாம் காட்டுவது அதிகபட்சம் ஒரு நிமிடம். தீ அணைந்த பிறகும் தோலுக்குள் சூடு இருந்து ஆழமாகச் சமைத்துக்கொண்டே இருக்கும். இரண்டு, மூன்று மணி நேரம். 'இவ்வளவு நேரம் ஆயிடுச்சே, இனி என்ன' என்று விடத் தேவையில்லை. ஐஸ் கூடாது, அது ரத்தக் குழாயைச் சுருக்கிக் காயத்தை ஆழமாக்கும். டூத்பேஸ்ட், இட்லி மாவு, பேனா மை, நெய், மஞ்சள் எதுவும் வேண்டாம். வார்டில் முதல் வேலையே இவற்றைச் சுரண்டி எடுப்பதாகிவிடும். மோதிரம், வளையல், மெட்டி ஆகியவற்றை வீங்கும் முன் கழற்ற வேண்டும். காயம் உடம்பில் பெரும்பகுதி என்றால், அல்லது சின்னக் குழந்தை என்றால், தண்ணீரில் வைத்தே உடம்பு குளிர்ந்துவிடாமல் மற்ற பகுதியைப் போர்த்தி உடனே கிளம்ப வேண்டும். மூடிய அறையில் புகை சுவாசித்தவர், குரல் கம்மியவர், மூக்கு முடி கருகியவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்தில் மூச்சுக்குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளும்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு

உயிர் பிழைத்தார் என்று எழுதிச் செய்தி முடித்துவிடுகிறோம். அதற்குப் பிறகு ஓரிரு வருடம் உடம்பு எரிந்துகொண்டே இருக்கும், இந்த முறை உள்ளுக்குள். இதயத்துடிப்பு அதிகம், தசை கரையும், எவ்வளவு சாப்பிட்டாலும் எடை ஏறாது. இதை அடக்க, ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மலிவான ப்ராப்ரனலால் மாத்திரை குழந்தைகளுக்கு உதவுகிறது என்று 2001-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது.

தழும்பு இன்னொரு பக்கம். ஆறும் தோல் சுருங்கும். கழுத்தில் பட்டிருந்தால் தாடை நெஞ்சோடு ஒட்டும், முழங்கை மடங்கியே நிற்கும், விரல்கள் பின்னிக்கொள்ளும். பிசியோதெரபிஸ்ட்கள் சொல்லும் பாடம் ஒன்று: நோயாளிக்கு எந்த நிலை சுகமோ, அந்த நிலையில்தான் தோல் இறுகும். கழுத்துக் காயத்துக்குத் தலையணை வைத்துப் பாசமாகப் பார்த்துக்கொள்ளும் அம்மா, தெரியாமல் தாடையை ஒட்ட வைக்கிறார். தலையணை கூடாது என்று யாராவது டிஸ்சார்ஜ் அன்று சொல்லியிருக்க வேண்டும். தழும்பை அமுக்க இறுக்கமான உடையை நாளைக்கு 23 மணி நேரம், ஒரு வருடத்துக்கு மேல் போடச் சொல்வார்கள். நம் ஊர் வெயிலில் போட்டுப் பாருங்கள், தெரியும். இத்தனைக்கும், அந்த உடை தழும்பின் உயரத்தைக் கொஞ்சம் குறைப்பதற்கு மேல் பெரிதாக என்ன செய்கிறது என்பதற்கு ஆய்வு ஆதாரம் சுமார்தான். பல வருடம் ஆறாமல் இருக்கும் தழும்பில் அபூர்வமாகப் புற்றுநோய் வரும். பழைய தழும்பில் புதுப் புண் வந்தால் காட்டியே ஆக வேண்டும்.

இப்போது சட்டம். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் 'ஆசிட் தாக்குதலுக்கு உள்ளானவர்' என்று பெயர் சொல்லி ஓர் இடம் உண்டு. சரியான முடிவு. ஆனால் தீயால் முகமும் கழுத்தும் உருக்குலைந்தவருக்கு அந்தப் பட்டியலில் தனி இடம் இல்லை. கை மடங்காது, கால் நீளாது என்று அசைவுக் குறைபாட்டை நிரூபித்துத்தான் சதவீதம் வாங்க வேண்டும். எல்லா மூட்டும் அசைந்து, முகம் மட்டும் மாறி, அதனால் வேலைக்கு எடுக்கப்படாத பெண்ணுக்கு அந்தச் சான்றிதழில் என்ன எழுதுவார்கள்?

இழப்பீடு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் 2018 திட்டத்தில், தீ வைத்து எரிக்கப்பட்ட பெண்களுக்கும் தொகை உண்டு. ஆனால் அது குற்றத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கான திட்டம். முதல் தகவல் அறிக்கையில் 'ஸ்டவ் வெடித்தது' என்று இருந்தால் கதவு மூடிவிடும். நாம் தொடக்கத்தில் பார்த்த அட்டவணைச் சிக்கல் இங்கே திரும்பி வருகிறது. 40 சதவீதக் காயத்தோடு, மாமியாரும் கணவரும் கட்டில் பக்கத்தில் நிற்க, இரவு இரண்டு மணிக்கு வாக்குமூலம் கொடுக்கும் பெண் எந்த வார்த்தையைச் சொல்கிறார் என்பதில், அவர் விபத்து அட்டவணையில் போவாரா குற்ற அட்டவணையில் போவாரா என்பதும், இழப்பீடு உண்டா இல்லையா என்பதும் தொங்குகின்றன. பிழைத்தால் அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்.

எண்ணினால் என்ன செய்யலாம்?

பக்கத்து நாட்டு உதாரணம் ஒன்று. இலங்கையில் அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, தன்னிடம் வரும் தீக்காய நோயாளிகளில் பலர் ஒரே பொருளால் எரிந்திருப்பதைக் கவனித்தார்: காலி பாட்டிலில் திரி போட்டு வீட்டிலேயே செய்த மண்ணெண்ணெய் விளக்கு. தட்டினால் கவிழும், கவிழ்ந்தால் எண்ணெய் கொட்டும். அவர் குட்டையான, கனமான, திருகு மூடி போட்ட கண்ணாடி விளக்கை வடிவமைத்தார். விழுந்தாலும் உருளாமல் இருக்க இரண்டு பக்கம் தட்டை. 1998-ல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. எந்த விளக்கு என்று அவர் குறித்து வைத்ததில்தான் எல்லாம் தொடங்கியது.

இந்தியாவின் தீக்காயத் திட்டம் 2010-ல் சோதனை முறையில் ஆரம்பித்து, 2014-ல் 67 மருத்துவக் கல்லூரிகள், 19 மாவட்ட மருத்துவமனைகளுக்கு என்று விரிவாக்கப்பட்டது. மத்தியப் பதிவேடு ஒன்றை உருவாக்குவதும் அதன் நோக்கங்களில் ஒன்று. அந்தப் படிவத்தில் வயது, பாலினம், சதவீதம் போக இன்னும் சில கட்டங்கள் வேண்டும்: எரிந்தது எரிவாயு அடுப்பா மண்ணெண்ணெய் அடுப்பா, அது தரையில் இருந்ததா மேடையிலா, உடுத்தியிருந்தது பருத்தியா செயற்கை இழையா, எத்தனை நிமிடம் தண்ணீர் காட்டினார்கள், முதல் ட்ரிப்ஸ் எத்தனையாவது மணி நேரத்தில், வாக்குமூலம் எடுக்கும்போது அறையில் வேறு யார் இருந்தார்கள்.